உன் பெயருக்கு மட்டும் பூட்டியது

இன்று காலை பெட்டிக்கடையில் அழிரப்பர் வாங்கினேன். வெள்ளை ரப்பர் தீர்ந்துவிட்டது, பழ வாசனை போட்ட சிவப்பு ரப்பர்தான் இருக்கிறது என்றார் கடைக்காரர். சங்க அலுவலகத்துக்கு வந்து, கார்டில் தங்க நிறத்தில் இருக்கும் சிப்பை அதை வைத்துத் தேய்த்ததும் அறை முழுக்க அந்த வாசனை. நீயும் இதைத்தான் வாங்குவாய். "ஸ்ட்ராபெர்ரி கார்டு ரெடி" என்று சொல்லிக்கொண்டே ரீடரில் செருகுவாய். ரப்பரை ஜன்னல் வழியாக எறிந்துவிட்டு முந்தானையால் துடைத்தேன்.

நீ போய் இரண்டாவது மழைக்காலம் வந்துவிட்டது. கல்லறைத் திருநாளுக்கு உன் அம்மா வந்து கூப்பிட்டார்கள். மெழுகுவர்த்தி ஏற்ற நான் வரவில்லை. காய்ச்சல் என்று சொல்லிவிட்டேன். காய்ச்சலெல்லாம் ஒன்றுமில்லை, உன்மேல் கோபம். செத்தவர்கள்மேல் கோபப்படக் கூடாது என்கிறார்கள். எனக்கு அந்தப் பெருந்தன்மை எல்லாம் கிடையாது, உனக்கே தெரியும்.

உப்பளத் தொழிலாளர் சங்கத்தை நாம் இரண்டு பேரும்தான் இழுத்துக்கொண்டிருந்தோம். மனு எழுதுவதும் தாலுகா ஆபீசுக்கு அலைவதும் என் பாடு. தொழிலாளிகள் சொல்வதை ஃபோனில் பதிவு செய்வதும் கம்ப்யூட்டரும் உன் பாடு. குயிலாப்பாளையத்தில் வெள்ளைக்காரர்களின் ஆபீசில் வேலை பார்த்தபோது கற்ற வித்தையை எல்லாம் நீ இங்கே இறக்கினாய். ஒரு நாள் கைப்பையிலிருந்து இரண்டு கார்டும் ஒரு ரீடரும் எடுத்து மேஜையில் வைத்தாய். ஏ.டி.எம். கார்டு மாதிரி இருக்கிறதே என்றேன்.

"அதே மாதிரிதான், ஆனா இதுல பணம் வராது," என்று சிரித்தாய். "சாவி ரெண்டுடி. பூட்டுற சாவிய ஊருக்கே குடுக்கலாம். தொறக்கிற சாவி இந்த சிப்புக்குள்ள போயிடும், வெளிய வரவே வராது. எவன் லேப்டாப்ப தூக்கிட்டுப் போனாலும் ஒரு வார்த்தை கேக்க முடியாது."

அதை ஓடவைக்க நீ பட்ட பாடு இருக்கிறதே! ரீடரை லேப்டாப் கண்டுகொள்ளவே இல்லை. வேறு ஏதோ ஒரு ப்ரோகிராம் அதைப் பிடித்துவைத்திருக்கிறது என்று கண்டுபிடித்து, அதை நிறுத்தி, மறுபடி ஆரம்பிப்பதற்குள் கரன்ட் போயிற்று. கடைசியில் சாவி தயாராகும்போது மவுஸைக் கண்டபடி ஆட்டச் சொன்னது. நாம் எவ்வளவு தாறுமாறாக ஆட்டுகிறோமோ அவ்வளவு நல்ல சாவியாம். ஒரே மவுஸை இரண்டு பேரும் பிடித்து ஆட்டினோம். சிரித்துச் சிரித்து எனக்கு விக்கல் வந்துவிட்டது. சாவிக்கு இன்னொரு காப்பி எடுத்து வைக்கட்டுமா என்று திரையில் கேட்டது. நீ யோசிக்காமல் வேண்டாம் என்று அழுத்தினாய். "காப்பி இருந்தா அது ஒரு நாள் லீக் ஆகும்."

அன்றைக்கே இரண்டு கார்டுக்கும் ஒரே பின் நம்பரை வைத்தோம், ஒருத்திக்கு உடம்பு சரியில்லை என்றால் மற்றவள் பார்த்துக்கொள்ளலாம் என்று. எந்தப் பதிவைப் பூட்டினாலும் இரண்டு பேர் பெயரையும் போட வேண்டும், யார் கார்டைச் செருகினாலும் திறக்க வேண்டும் என்பதும் நீ சொன்ன ஏற்பாடுதான்.

பிறகு உப்புக்காற்று தன் வேலையைக் காட்டியது. இந்த ஊரில் கதவுக் கீலும் ஃபேன் இறக்கையும் படும் பாட்டை சிப் மட்டும் படாதா? காலையில் முதல் தடவை செருகினால் ஒரு நாளும் ஓடாது. சிவப்பில் ஏதோ ஆங்கிலத்தில் வரும். நான் எழுத்துக்கூட்டிப் படிக்கப் போனால் தடுத்துவிடுவாய். "அதப் படிக்காதடி. உப்புதான். தொடைச்சிட்டு மறுபடியும் போடு." துடைத்துப் போட்டால் ஓடிவிடும். ரீடரை எவர்சில்வர் டப்பாவில் அரிசிக்குள் புதைத்து வைத்தோம். அப்படியும் தினம் இதே கதைதான். ரப்பரால் தேய்த்து, ஊதி, செருகி, ஓடவில்லை என்றால் திரும்பவும் தேய்த்து, அதுவே நமக்குக் கைப்பழக்கமாகிப் போனது.

அதற்குப் பிறகுதான் நம்மிடம் பேசிய மூன்று பெண்களின் பெயர் முதலாளிகள் காதுக்குப் போனது. அந்தப் பருவம் முழுக்க அவர்களை யாரும் பாத்தியில் இறங்க விடவில்லை. நீ இரண்டு நாள் அலுவலகப் பக்கம் வரவில்லை. மூன்றாம் நாள் வந்து, "இனிமே பதிவை நானே போட்டுக் காட்டுறேன், நீ பக்கத்துல உக்காந்து மனு எழுது. உனக்கு எதுக்கு இந்த ரோதனை" என்றாய். என் கஷ்டத்தைக் குறைக்கிறாய் என்று நினைத்தேன். அன்று உனக்குச் சேர்த்து டீ வாங்கி வந்தவளும் நான்தான்.

நம் சங்கத்தில் இருந்த தனலட்சுமியின் புருஷன் உப்பளத்துப் பம்பு மோட்டாரில் கை வைத்துச் செத்தது அதற்கு அடுத்த கோடையில். தோல் உரிந்த ஒயர், ஷாக் அடித்துத்தான் செத்தான் என்று ஊருக்கே தெரியும். வலிப்பு வந்து தண்ணீரில் விழுந்தான் என்று முதலாளி எழுதிக் கொடுத்தார். ஒயரைக் கண்ணால் பார்த்தது கூட வேலை செய்த முனுசாமி ஒருவன்தான். அவன் உன் ஃபோனுக்கு முன்னால் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னான். நீ பூட்டிவைத்தாய், ஃபோனிலிருந்து அழித்தாய். அந்த வாரத்திலேயே முனுசாமி குடும்பத்தோடு கேரளாவுக்குப் போய்விட்டான். வக்கீல் கூப்பிட்டால், நான் எதையும் பார்க்கவில்லை என்கிறான். அவன் குரல் இருந்தால் போதும், கோர்ட்டுக்கு வரவழைத்து அவனையே கேட்க வைக்கலாம் என்றார் வக்கீல். தனலட்சுமியின் வழக்குக்கு இருந்தது அது ஒன்றுதான்.

வாய்தாவுக்கு முன்பே கிழக்குக் கடற்கரைச் சாலையில் லாரி உன் ஸ்கூட்டியை அடித்துவிட்டது.

உன்னை அடக்கம் செய்துவிட்டு வந்து, அழுது முடிக்கும் முன்பே என் கார்டை எடுத்தேன். செருகினேன். சிவப்பில் வந்தது. துடைத்தேன், செருகினேன், திரும்பவும் சிவப்பு. சரி, என் கார்டு அரித்துவிட்டது என்று நினைத்து உன் அம்மாவிடம் போய் உன் கார்டை வாங்கி வந்தேன். நம்பர் எனக்குத் தெரியுமே! அடித்தேன். சிவப்பு. உப்பு என்று துடைத்தேன். அதே நம்பரை அடித்தேன். சிவப்பு. ரப்பர் போட்டு நன்றாகத் தேய்த்து, ஊதி, பொறுமையாக ஒவ்வொரு எண்ணாக அடித்தேன். அத்தோடு கார்டு தன்னைத்தானே பூட்டிக்கொண்டது. பக்கத்தில் தனலட்சுமி உட்கார்ந்திருந்தாள்.

குயிலாப்பாளையத்தில் உன்னோடு வேலை பார்த்தவரை வரவழைத்தேன். அவர் திரையில் இருந்ததை நிதானமாகப் படித்தார்.

"இது உப்பு இல்லீங்க. நம்பர் தப்புன்னுதான் மூணு வாட்டியும் சொல்லியிருக்குது. அவங்க நம்பர மாத்திட்டாங்க."

"அப்போ என் கார்டு?"

"உங்க கார்டு நல்லாத்தான் இருக்குது. இந்தப் பதிவுல உங்க பேரு இல்ல. அவங்க பேரு மட்டும்தான் போட்டுப் பூட்டியிருக்காங்க."

முடங்கிய கார்டை விடுவிக்க இன்னொரு பெரிய நம்பர் உண்டாம். அது உன்னோடு போயிற்று. அவர் கிளம்பிய பிறகு பழைய பதிவுகள் ஒவ்வொன்றும் யார் யார் பெயரில் பூட்டியிருக்கிறது என்று பார்த்தேன். அந்த மூன்று பெண்களுக்கு வேலை போகும்வரை எல்லாவற்றிலும் இரண்டு பெயர். அதற்குப் பிறகு எல்லாவற்றிலும் உன் பெயர் மட்டும்.

என் தம்பி அப்போது ஒரு முதலாளியின் எடைமேடையில் வேலை பார்த்தான். அதுதானே காரணம்? அவனோடு நான் பேசியே வருஷமாகியிருந்தது. நீ கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். என் முகத்தைப் பார்த்து, "நீயாடி?" என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் உன்னை ஒரு அறை அறைந்திருப்பேன், பிறகு இரண்டு பேரும் அழுதிருப்போம், முடிந்திருக்கும். நீ கேட்கவில்லை. என் டிபன் பாக்ஸிலிருந்து மீன் குழம்பு எடுத்துச் சாப்பிட்டுக்கொண்டே சத்தமில்லாமல் என் பெயரை எடுத்துவிட்டாய். பெயர்களைச் சொன்னது யார் என்று எனக்கு இன்றும் தெரியாது. நான் இல்லை. இதைப் போய் ஒரு கல்லறையிடம் சொல்ல வேண்டியிருக்கிறது.

கார்டை முடக்கியதற்கும் என்னைக் குற்றம் சொல்லாதே. படிக்காதே, துடை என்று பழக்கிவிட்டவள் நீ.

வழக்கு நிற்கவில்லை. வலிப்பு என்றே தீர்ப்பில் வந்தது. அன்று தனலட்சுமி அலுவலகத்துக்கு வந்து லேப்டாப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எங்க வீட்டுக்காரரு எப்படி செத்தாருன்னு இந்தப் பொட்டிக்குள்ள இருக்குதுல்லக்கா?"

"இருக்குது."

"ஒரு நாளும் அவருக்கு வலிப்பு வந்ததில்லக்கா. அத யாருக்குத் தெரியக்கூடாதுன்னு அந்த அக்கா பூட்டி வெச்சாங்க? முதலாளிக்குத் தெரியும். முனுசாமிக்குத் தெரியும். எனக்குத்தான் கேக்க முடியல."

நீ இருந்தால் அவளுக்கு என்ன சொல்லியிருப்பாய்? அவள் அதற்குப் பிறகு சங்கத்துக்கு வருவதில்லை. சந்தையில் பார்த்தால் தலையை ஆட்டிவிட்டுப் போய்விடுகிறாள்.

உன் நாற்காலியில் இப்போது செல்வராஜ் அண்ணன் உட்காருகிறார். பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர், சம்பளம் இல்லாமல் நாள் முழுக்க வேலை பார்க்கிறார். இன்று காலை இரண்டு பேரும் சேர்ந்து ஒரு பெண்ணின் பேச்சைப் பதிவு செய்தோம். அவளை அனுப்பிவிட்டுப் பூட்ட உட்கார்ந்தேன். இப்போது புதுச் சாவி செய்து, அதற்குக் காப்பி எடுத்து வக்கீலிடம் கொடுத்து வைத்திருக்கிறேன். இரண்டு பெயர் போடாமல் எதையும் பூட்டுவதில்லை என்றும் நானே சட்டம் போட்டிருக்கிறேன். என் பெயரை அடித்தேன். அடுத்த பெயர் கேட்டது. கை நின்றுவிட்டது.

அவருடைய மருமகன் உப்பள முதலாளியின் லாரி ஓட்டுகிறான். அந்த நினைப்பு எங்கிருந்து வந்தது என்றே தெரியவில்லை. அடித்துவிடலாம் என்று இருந்தது, கை மட்டும் வரவில்லை. பக்கத்தில் அவர் திரையைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"மருமவன் அந்த வண்டிய வுட்டுட்டான்மா," என்றார். "போன மாசமே நின்னுட்டான். உன்னாண்ட சொல்லணும்னு இருந்தேன்."

"நான் ஒண்ணும் கேக்கலயேண்ணா."

"கேக்கலதான்."

அவர் பெயரை அடித்தேன். பூட்டியது. அவர் எழுந்து டீ சொல்லப் போனார். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. நான் கேட்காமலே அவர் பதில் சொல்லிவிட்டார், என் கை நின்றது அவருக்குத் தெரிந்ததால். நீயோ என் பெயரில் உன் கை நின்றதை எனக்குக் காட்டவே இல்லை. உன்னிடமிருந்து எனக்கு வந்து சேர்ந்தது அந்தச் சந்தேகம் ஒன்றுதான். திருப்பிக் கொடுக்கலாம் என்றால் நீ இல்லை.