கர்ட்டிஸ் செய்த பிழை

ஃபோர்ட் மெக்மரி,
வியாழன்

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நலம். அப்பாவுக்கு முழங்கால் வலி குறைந்ததா? இங்கே பனி இன்னும் விடவில்லை.

கணக்கு, அறிவியல் ஆசிரியர்களுக்கு ஏஐ வைத்துப் பாடம் தயாரிக்கச் சொல்லிக்கொடுக்கிறேன் அல்லவா? அதில் ஒரு சின்னச் சங்கடம், கவலைப்படாதே. இயற்பியல் ஆசிரியர் கர்ட்டிஸ், ஏஐ எழுதிய மின்சுற்றுப் பாடத்தில் இருந்த பிழையைக் கவனிக்காமல் அப்படியே நடத்திவிட்டார். என்னிடம் மட்டும் வந்து சொன்னார். இருவரும் உட்கார்ந்து திருத்தினோம். தோழிதானே என்று தலைமையாசிரியை லோர்னாவிடம் பேச்சுவாக்கில் அதைச் சொன்னேன். அவள் செவ்வாயன்று எல்லா ஆசிரியர்கள் முன்னிலையிலும் அதைப் போட்டு உடைத்து, அவருடைய பன்னிரண்டாம் வகுப்பைப் பிடுங்கி வேறொருவருக்குக் கொடுத்துவிட்டாள்.

“உன்னை நம்பித்தானேம்மா சொன்னேன்?” என்றார் கர்ட்டிஸ்.

லோர்னாவிடம் சண்டைக்குப் போனேன். “நீதானே வந்து சொன்னே? இப்ப என்ன நல்லவ வேஷம்?” என்று சிரித்தாள்.

கர்ட்டிஸிடம் மன்னிப்புக் கேட்டேன். தலையாட்டிவிட்டு வகுப்புக்குப் போய்விட்டார். இப்போது ஒருவரும் என்னிடம் சந்தேகம் கேட்க வருவதில்லை. எல்லோருக்கும் எல்லாம் தெரியுமாம்.

உன் காட் மீன் சூப்பை ஒரே ஆளுக்கு எப்படி அளவு போடுவது என்று எழுது. மணி அடித்துவிட்டது.

உன் மகள்,
க்ளெனிஸ்