கில்டரா–போர்ட்னகல் ரயில், இரண்டு துண்டாக

ஜனவரி 9

மழை. கடையில் இருமல் மருந்தைத் தவிர எதுவும் நகரவில்லை. மாலையில் பங்குக் கோயில் மண்டபத்தின் பின்னறைக்கு, நாங்கள் பலகை மேல் கட்டிவரும் மாதிரி ரயிலைப் பார்க்கப் போனேன். புதன்கிழமை. மாலக்கி எனக்கு முன்னால் வந்து ஹீட்டரைத் தன் பக்கம் திருப்பி வைத்திருந்தான். தங்கை புருஷன். என்ன சொல்ல முடியும்?

ஒரு பழைய புகைப்படம் கொண்டுவந்திருந்தான். எங்கள் கில்டரா நிலையம், ரயில் ஓடிய காலத்தில். மூன்றடி அகலத் தண்டவாளத்தில் ஒரு திறந்த வண்டி, அதில் பீப்பாய்கள்.

"கறுப்பு பீர், டப்ளின்ல இருந்து வந்தது" என்றேன்.

"மீனு. போர்ட்னகல் துறைமுகத்துல உப்புப் போட்டு அனுப்பினது" என்றான்.

படத்தை விளக்கடியில் பிடித்துப் பார்த்தேன். பீப்பாயைச் சுற்றி இரும்பு வளையம்; மீன் என்றால் மர வளையம் போட்டிருப்பார்கள். பீர்தான். இதில் பேச என்ன இருக்கிறது?

ஜனவரி 10

இருக்கிறதாம். காலையிலேயே கடைக்கு வந்துவிட்டான். வளையம் இரும்பில்லையாம், மரமாம். பல்வலிக்கு மருந்து கேட்டு ஒரு அம்மாள் காத்து நிற்கிறாள், இவன் பூதக்கண்ணாடியோடு கவுண்டர் மேல் சாய்ந்துகொண்டு நிற்கிறான். இவன்தான் ஊர்ப் பிள்ளைகளுக்குக் கார் ஓட்டச் சொல்லிக்கொடுக்கிறவன். இந்த ஊர்ச் சாலைகளில் கார்கள் இப்படி ஓடுவதற்குக் காரணம் தெரிகிறது.

ஜனவரி 23

இரண்டு வாரம் உட்கார்ந்து பீப்பாய்கள் செய்தேன். விரல்நகம் அளவு. வளையத்துக்குச் செம்புக்கம்பி, மேலே கறுப்புச் சாயம். கில்டரா நிலையத்து மேடையில் அடுக்கினதும் எனக்கே கண் கலங்கியது. மாலக்கி ஒன்றை எடுத்து முகர்ந்தான்.

"மச்சான், இதை எதுல செஞ்ச?"

கடையில் காலாவதியான மாத்திரைகளில் செய்தேன் என்றேன்.

"என்ன மாத்திரை?"

சொல்லியிருக்கக் கூடாது. மீன் எண்ணெய் மாத்திரை.

அவன் சிரித்த சிரிப்பில் சிக்னல் கம்பம் விழுந்தது. "பாத்தியா! நீ செஞ்ச பீர் பீப்பாய்க்குள்ளயே மீனுதான் இருக்கு! இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்?"

ஞாயிறு சாப்பாட்டில் இதை என் தங்கை கிரான்யாவிடம் சொல்வான். அவளும் சிரிப்பாள்.

ஜனவரி 27

சொன்னான். சிரித்தாள். வறுத்த ஆட்டுக்கறி நன்றாக இருந்தது, இரண்டாம் முறை போட்டுக்கொள்ளாமல் எழுந்துவிட்டேன்.

பிப்ரவரி 6

எங்கள் ரயில் சங்கத்தின் அவசரக் கூட்டம். ஒரு காலத்தில் நாலு பேர். ஒருவர் காலமானார், ஒருவர் கனடா போனார். மிச்சம் தலைவர் (நான்), பொருளாளர் (அவன்). தீர்மானம்: மேற்படி பீப்பாய்களில் இருப்பது பீர். ஆதரவு ஒன்று, எதிர்ப்பு ஒன்று. தலைவருக்கான கூடுதல் ஓட்டைப் போட்டு நிறைவேற்றினேன்.

"இது சர்வாதிகாரம்."

"இது விதி."

"விதியை எழுதினது யாரு?"

நான்தான் எழுதினேன். அதற்காக?

பிப்ரவரி 19

எழுதவே கை கூசுகிறது. மாலக்கி தன் 'மீன் வண்டி'யில் நிஜமான மீனைப் போட்டிருக்கிறான். பொடி மீன்கள், உப்புத் தூவி, வரிசையாக. 'உண்மைத் தன்மைக்காக'வாம். ஞாயிறும் திங்களும் பூட்டிக் கிடந்த அறை, ஹீட்டரும் ஓடியிருக்கிறது. இன்று சீட்டாட வந்த பெண்கள் கதவைத் திறந்து, மூடி, நேராகப் பங்குச் சாமியாரிடம் போயிருக்கிறார்கள். சாமியார் எனக்கு போன் செய்து, உள்ளே யாராவது செத்துக் கிடக்கிறார்களா என்று மிகவும் மெதுவான குரலில் விசாரித்தார்.

இத்தனைக்கும் போன சனிக்கிழமைதான் நல்ல நாள் பார்த்துச் சந்தைத் தொகுதியை முடித்து அங்கே வைத்திருந்தேன். பன்றிகள், முட்டைப்பெட்டிகள், மாவு மூட்டைகள். எல்லாவற்றின் மேலும் அந்த நாற்றம்.

பிப்ரவரி 20

மே மாதக் கண்காட்சி விண்ணப்பத்தில் அவன் பெயரை அடித்துவிட்டேன்.

பிப்ரவரி 21

எப்படித் தெரிந்தது? தெரிந்துவிட்டது. கடை வாசலில் நின்று கத்துகிறான், தெருவே பார்க்கிறது.

"பாதிப் பலகை என்னோடது! பாதித் தண்டவாளம் என்னோடது! துறைமுகம் முழுக்க நான் கட்டினது!"

"அப்ப எடுத்துட்டுப் போ!"

"எடுத்துட்டுப் போறேன்! ரம்பம் எங்க இருக்கு?"

சும்மா வாய்ப்பேச்சு. எங்கே வெட்டப் போகிறான்.

மார்ச் 2

வெட்டினோம்.

பலகையின் நடுவை அளக்க கிரான்யாவைக் கூப்பிட்டோம். ஒருவர் அளப்பதை மற்றவர் நம்பவில்லை. அவள் அடுப்படித் துண்டைத் தோளில் போட்டபடியே வந்தாள். டேப்பை நீட்டிப் பிடித்தாள். நடு சரியாக கேரா ஆற்றுப் பாலத்தில் விழுந்தது. அந்தப் பாலத்தை மாலக்கியும் நானும் சேர்ந்து கட்டினோம், ஒரு குளிர்காலம் முழுக்க. கல் ஒவ்வொன்றும் தனித்தனியாக.

"ரெண்டு பேரும் ஒழுங்காத்தான இருந்தீங்க? பீப்பாய்க்குள்ள என்ன இருந்தா உங்களுக்கு என்ன? குடிக்கப் போறீங்களா, திங்கப் போறீங்களா?"

மாலக்கி ரம்பத்தை எடுத்தான். ரம்பம் ஓடியது. பாலத்தின் மேல் நின்ற மாடு ஒன்று இரண்டானது. தலை எனக்கு, மற்றது அவனுக்கு.

கிரான்யா துண்டால் மரத்தூளைத் தட்டிவிட்டாள். "அண்ணா, ஞாயிற்றுக்கிழமை வந்துடு" என்றாள். எதிரே மாலக்கி நின்றான். நான் தலையாட்டவில்லை.

மார்ச் 10

ஞாயிறு. டப்பாவில் அடைத்த சூப்.

மார்ச் 17

திருவிழா ஊர்வலத்தில் மாலக்கி தெருவின் எதிர்ப்பக்கம் நின்றான். இரண்டு பேரும் டிராக்டர்களைப் பார்த்தோம்.

மார்ச் 29

சரி, ஓட்டிப் பார்ப்போம் என்று என் பாதியை வீட்டுக் கூடத்தில் போட்டேன். கில்டராவில் பன்றிகளை ஏற்றுகிறேன். வண்டி கிளம்புகிறது, பாலம் வரை போகிறது, திரும்பி வருகிறது. மறுபடி ஏற்ற இடமில்லை, ஏற்கெனவே ஏறியிருக்கின்றன. அதே பன்றிகளை மறுபடியும் ஊர் சுற்றிக் காட்டிவிட்டு வருகிறேன். மாவு போகவேண்டிய ஊர் அவனிடம். முட்டை ஏறவேண்டிய கப்பல் அவனிடம். மேடையில் சரக்கு மலையாகக் குவிகிறது.

அவன் நிலைமையும் இதுதானே? பிடித்த மீனை வாங்க ஆளில்லாமல் துறைமுகத்தில் வைத்துக்கொண்டு என்ன செய்கிறான்? நாறட்டும்.

ஏப்ரல் 5

பாதை அறுந்த இடத்தில் ஒரு முகம் பார்க்கும் கண்ணாடியை நிறுத்தினேன். ரயில் தொடர்ந்து போவது போலத் தெரியும் என்று கணக்கு. தெரிந்தது. எதிரே ஒரு ரயில் வந்தது. அதன் பின்னால் மலை அளவுக்கு என் முகம், வாயைப் பிளந்துகொண்டு. கண்ணாடியைக் குளியலறையிலேயே திரும்ப மாட்டிவிட்டேன்.

ஏப்ரல் 21

ஈஸ்டர். கிரான்யா வறுத்த கறியைத் தட்டில் மூடி எடுத்துவந்தாள். உட்காரவில்லை. "அவரும் அங்க ஒரு வார்த்தை பேசாம உக்காந்து படகுக்குப் பெயின்ட் அடிச்சிட்டிருக்காரு. ஏற்கெனவே அடிச்ச படகுக்கு" என்றாள்.

எனக்கென்ன என்றேன். போன பிறகு அந்தக் கறியை நின்றபடியே சாப்பிட்டேன்.

மே 11

மாவட்டக் கண்காட்சி. முதலிலிருந்து எழுதுகிறேன், இல்லாவிட்டால் நாளை நானே நம்பமாட்டேன்.

சங்கப் பெயரை நானும் விடவில்லை, அவனும் விடவில்லை. 'கில்டரா மூன்றடி ரயில் சங்கம்' என்று இரண்டு விண்ணப்பம் போயிருக்கிறது. அமைப்பாளர்கள் தவறுதலாக இரண்டு முறை வந்த ஒரே விண்ணப்பம் என்று எண்ணி, எங்கள் இரண்டு பாதிகளையும் ஒரே இடத்தில், முகத்துக்கு முகம் வைத்துவிட்டார்கள். மேஜைக்கால்கள் இடித்ததால் நடுவில் ஒரு சாண் இடைவெளி. இந்தப் பக்கம் அறுந்த பாலம், அந்தப் பக்கம் அறுந்த பாலம். இந்தப் பக்கம் மாட்டுத் தலை.

நாங்கள் ஆளுக்கொரு திசை பார்த்துக்கொண்டு நின்றோம்.

நடுவராக வந்தவர் இமெல்டா குவின், மாவட்டத்துக் கலை அதிகாரி. பச்சைச் சால்வை. மற்ற மேஜைகளை நடந்தபடியே பார்த்துக்கொண்டு வந்தவர் எங்களிடம் வந்ததும் நின்றுவிட்டார். வெகுநேரம். என் பன்றிகளைப் பார்த்தார், குவிந்து கிடந்த முட்டைப்பெட்டிகளைப் பார்த்தார். அந்தப் பக்கம் அவனது மீன் குவியலைப் பார்த்தார். பிறகு அந்த ஒரு சாண் வெறுமையைப் பார்த்து... சத்தியமாக, அழுதார்.

"எல்லை" என்றார். "இந்தத் தீவை வெட்டினாங்களே, வடக்கு தெற்குன்னு. நூறு வருஷத்துல யாரும் இதை இப்படிச் சொன்னதில்ல. சரக்கு இங்க நிக்குது, பசி அங்க நிக்குது."

கில்டராவிலிருந்து எல்லைக்குப் போக அரைநாள் பஸ்ஸில் உட்காரவேண்டும். எங்கள் ரயில் அந்தத் திசைக்கே முதுகு காட்டித்தான் ஓடியது. சொல்ல வாயைத் திறந்தேன்.

"இந்த இடைவெளி... ஏன் சரியா இந்த அளவு?" என்று மாலக்கியைக் கேட்டார்.

மாலக்கி மேஜைக்காலைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். மார்ச்சுக்குப் பிறகு முதல் முறையாக.

"அதை வார்த்தையில சொல்ல முடியாதுங்க" என்றான்.

"அந்த மாடு?"

"அதுவும்தாங்க" என்றேன் நான்.

முதல் பரிசு.

மே 12

கிரான்யாவின் போன். "பரிசு வாங்கின மேதைங்க ரெண்டு பேரும் வந்து உருளைக்கிழங்கு உரிங்க."

போனேன். உரித்தோம். யாரும் மன்னிப்பு கேட்கவில்லை. கத்தி ஒன்றுதான் கூராக இருந்தது, அதை என் பக்கம் தள்ளினான். சாப்பிடும்போது கிரான்யா திடீரென்று "வார்த்தையில சொல்ல முடியாதுங்க" என்றாள். மூன்று பேரும் சிரித்த சிரிப்பில் குழம்பு மேஜைவிரிப்பெல்லாம் கொட்டியது.

மே 23

பத்திரிகையில் படம். 'நம் காயத்தின் சிற்பிகள்'. நான் கண்ணை மூடியிருக்கிறேன். ஆழ்ந்த துக்கம் என்று எடுத்துக்கொள்கிறார்கள். கடையில் ஒரு பெரியவர் மூலநோய்க் களிம்பு வாங்க வந்து, என் கையைப் பற்றிக் குலுக்கி, களிம்பை மறந்துவிட்டுப் போனார்.

ஜூன் 14

டப்ளினிலிருந்து ஒரு பேராசிரியர். பீப்பாய்களை எட்டிப் பார்த்து, உள்ளே என்ன என்றார். நானும் மாலக்கியும் ஒரே சமயத்தில் வாயைத் திறந்தோம். மூடினோம். அவர் பரவசத்தோடு எழுதிக்கொண்டார்: "மௌனம்."

ஜூலை 3

மாவட்ட நூலகத்தின் முன்கூடத்தில் எங்கள் ரயிலை நிரந்தரமாக வைத்துவிட்டார்கள். சுற்றிக் கயிறு. 'தொடாதீர்கள்' பலகை. மேலிருந்து விளக்கு, அது நேராக அந்த ஒரு சாண் இடைவெளியில் விழுகிறது. எங்கள் துறைமுகமும் சந்தையும் இருட்டில். இருபது வருட வேலை இருட்டில் கிடக்கிறது, மேஜைக்கால் செய்த வேலைக்கு வெளிச்சம்!

ஜூலை 10

புதன்கிழமை. பழைய அறைக்கு நாங்கள் இருவரும் போய் உட்கார்ந்தோம். பலகை இருந்த இடத்தில் தரை மட்டும் நிறம் மாறிக் கிடந்தது. ஹீட்டரை நடுவில் வைத்தான்.

"ஒட்டிடலாமா மச்சான்?"

அதைத்தான் நானும் நினைத்துக்கொண்டிருந்தேன். ஆனால் அவன் கேட்கட்டும் என்று இருந்தேன்.

ஜூலை 15

இமெல்டாவிடம் கேட்டோம். பாலத்தைச் சேர்த்துக் கட்டிவிடுகிறோம், ஒரு மாதம் போதும் என்றோம். அவர் முகம் வெளுத்துவிட்டது.

"சேக்கறதா? சேத்துட்டா அப்புறம் அதுல என்ன இருக்கு?"

"ரயில் ஓடுங்க" என்றான் மாலக்கி.

"அதுதான் வேண்டாங்கறேன். இலையுதிர் காலத்துல வெளிநாட்டுல இருந்தெல்லாம் பாக்க வராங்க. நீங்க கலைஞர்கள், உங்களுக்குத் தெரியாததா?"

வெளியே வந்து காரில் ஏறினோம். "ஒரே தீவாகணும்னு மேடை போட்டுப் பேசறவங்க" என்றான். "ஒரு சாண் ஒட்ட விடமாட்டேங்கறாங்க." நான் சீட் பெல்ட்டை மாட்டினேன். பேசினால் கெட்ட வார்த்தை வந்திருக்கும்.

ஆகஸ்ட் 7

தூசி தட்டுவதற்கு என்று மனு கொடுத்தேன். கலைஞர்கள் மட்டுமே தொடலாம் என்ற அவர்கள் விதிப்படியே. சாவி கிடைத்துவிட்டது. திங்கட்கிழமைகளில் நூலகம் விடுமுறை.

செப்டம்பர் 23

திங்கள். மாலக்கி ஒரு சாண் நீளத்துக்குத் தண்டவாளம் செய்து, ரொட்டியைப் போலக் காகிதத்தில் சுற்றிக் கொண்டுவந்தான். அடியில் மெல்லிய பலகை. கயிற்றைத் தாண்டி உள்ளே போனோம். இடைவெளியில் வைத்தோம். அவன் பாதி நூலளவு தாழ்ந்திருந்தது. பஸ் டிக்கெட்டை மடித்து முட்டுக் கொடுத்தேன்.

என் பக்கத்து மின்சாரம் என் கையில், அவன் பக்கத்தது அவன் கையில். நடுவில் ஒருவர் விடும்போது மற்றவர் பிடிக்க வேண்டும். இல்லையென்றால் வண்டி கவிழும்.

பன்றிகளையும் முட்டைகளையும் மாவையும் கோத்துக் கிளப்பினேன். பாலம் வந்தது.

"விட்டுட்டேன்."

"பிடிச்சுட்டேன்."

போய்விட்டது. ஒரு குலுக்கல்கூட இல்லை. துறைமுகம் போய்ச் சேர்ந்தது. மாலக்கி ஒவ்வொரு வண்டியாக இறக்கி, மீனை ஏற்றி அனுப்பினான். நான் வாங்கிக்கொண்டேன். மறுபடி அனுப்பினேன். பேச்சே இல்லை, அந்த இரண்டு சொல்லைத் தவிர. எத்தனை தடவை என்று யார் பார்த்தார்கள்?

வாசலில் பஸ் நிற்கும் சத்தம். இமெல்டா! விடுமுறை நாளில், பின்னால் வெளிநாட்டு விருந்தினர் ஒரு கூட்டம். மாலக்கி அந்தத் தண்டவாளத் துண்டைப் பிடுங்கிக் கோட்டுக்குள் சொருகினான். நான் தூசித் துணியைக் கையில் எடுத்தேன். அவர்கள் உள்ளே வந்தபோது நாங்கள் இரண்டு பேரும் இடைவெளியின் இரு பக்கமும் தலைகுனிந்து நின்றுகொண்டிருந்தோம்.

இமெல்டா தாழ்ந்த குரலில் விளக்கினார். எல்லோரும் அந்த ஒரு சாண் வெறுமையையே பார்த்தார்கள். ஒருவர் கைக்குட்டையை எடுத்தார்.

அந்தக் கரையில், துறைமுக மேடையோரம், அவசரத்தில் என் பன்றி வண்டி ஒன்று நின்றுபோயிருந்தது. ஒருவரும் பார்க்கவில்லை. மாலக்கி பார்த்தான். அதைக் கப்பல் பக்கமாக, விரலால் மெதுவாகத் தள்ளி வைத்தான்.