எடைமேடைக் கட்டம்

கீழவாஞ்சூர்,
செவ்வாய்க்கிழமை.

அன்புள்ள அம்மாவுக்குப் பூங்கோதை எழுதுவது. நான் நலம். உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? அப்பா மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறாரா?

இந்தச் சரக்குக் கம்பெனியில் எந்தப் பிரிவின் வேலை எந்தக் கணினியில் நடக்கிறது என்று கட்டம் கட்டமாக ஒரே படத்தில் வரைந்து, குறைகளைச் சரிசெய்வதுதான் என் வேலை. நான் உள்ளே போனாலே பேச்சு நின்றுவிடுகிறது. ஆளைக் குறைக்க வந்தவள் என்று நினைக்கிறார்கள்.

என்னை நம்பட்டுமே என்று, லாரிகளை எடைபோடும் எடைமேடையில் லாரி எண்ணை இரண்டு கணினியில் அடித்துக்கொண்டிருந்ததை ஒன்றாக்கிக் கொடுத்தேன். அங்கே வேலை பார்க்கும் லூர்துநாதன் அண்ணன் சிரிக்கவில்லை.

"ரெண்டுலயும் அடிக்கத்தான் நானும் கதிரவனும் இருந்தோம். இனிமே யாரு இருக்கணும்னு நீங்களே சொல்லிடுங்க மேடம்."

யாரும் போக மாட்டீர்கள் என்று சொன்னேன். இன்று மேலாளர், ஒவ்வொரு கட்டத்திலும் எத்தனை பேர் என்றும் எழுதச் சொல்கிறார். எதற்கென்று கேட்டால், "சும்மாதாங்க" என்கிறார்.

நீங்கள் கவலைப்பட வேண்டாம். பருப்புப் பொடி அனுப்புங்கள், பெரிய டப்பாவாக. மதியம் என் மேசைக்கு யாரும் வருவதில்லை. லூர்துநாதன் அண்ணனிடம் நீட்டிப் பார்க்கிறேன்.

வீட்டுக்குப் போக வண்டி வந்துவிட்டது, முடிக்கிறேன். எடைமேடைக் கட்டத்தை மட்டும் இன்னும் நிரப்பவில்லை அம்மா.

உங்கள்
பூங்கோதை