வேனை நீ அடுக்கிய விதம்

உ
பாளையங்கோட்டை
25.8.96

சிரஞ்சீவி நடராஜனுக்கு அப்பா ஆசீர்வாதத்துடன் எழுதுவது. நெல்லையப்பர் புண்ணியத்தில் நானும் அம்மாவும் பிருந்தாவும் சுகம், மஸ்கட்டில் உன் உடம்பு எப்படி இருக்கிறது என்பதை இந்தத் தடவை மறைக்காமல் எழுது. நான் சொல்லச் சொல்ல உன் தங்கைதான் எழுதுகிறாள், ப்ளஸ் ஒன் போனதிலிருந்து என் தமிழைத் திருத்தாமல் அவளால் எழுத முடியவில்லை. ஆற்றில் தண்ணீர் நன்றாக வருகிறது. வயரிங் வேலைக்கும் குறைவில்லை, சீவலப்பேரியில் ஒரு ரைஸ் மில், காயல்பட்டினத்தில் இரண்டு புது வீடு. அம்மா கல்யாணப் பாத்திரம் பார்க்க டவுனுக்குப் போயிருக்கிறாள், அதனால்தான் இப்போது எழுதச் சொல்கிறேன். போனில் கேட்கலாமென்றால் எதிர்வீட்டுக்குப் போக வேண்டும், அம்மாவும் பக்கத்தில் வந்து நிற்பாள்.

விஷயம் நம் வேனைப் பற்றியது. ஆனி மாதம் நிச்சயதார்த்தத்துக்கு வந்த நீ, சும்மா இருக்கப் பிடிக்கவில்லை என்று கடைசி நாலு நாளும் வேனுக்குள் பலகை அடித்து, சாமான்களையெல்லாம் இடம் மாற்றி அடுக்கிவிட்டுப் போனாய். மறுநாளே எனக்கு எதுவும் அகப்படவில்லை. கட்டிங் பிளேயரைக் காணோம், டெஸ்டரைக் காணோம், ஹோல்டர் டப்பாவைக் காணோம். பதினெட்டு வருஷம் என்னோடு வேலை பார்க்கிற ஆவுடைநாயகத்தின் மேலேயே சந்தேகம் வந்தது, ஒருநாள் அவர் பையைக்கூடத் திறந்து பார்த்துவிட்டேன். அதை அவர் பார்த்துவிட்டார். கோபப்படவில்லை, வேனின் பின்கதவைத் திறந்து, "கண்ணால தேடாதிய அண்ணாச்சி, கைய நீட்டுங்க" என்றார். நீட்டினேன். கதவில் தொங்கிய கித்தான் பையில் முதலில் டெஸ்டர் வந்தது, அடுத்து பிளேயர், அதற்கடுத்து டேப். வேலையில் எது எதற்குப் பின் தேவைப்படுமோ அந்த வரிசை. ஸ்விட்சும் ஹோல்டரும் கதவோரம், கனமான வயர்ச் சுருள்கள் கீழே, ஒவ்வொரு சுருளிலும் மீதி எத்தனை மீட்டர் என்று ஒரு துண்டுச் சீட்டு. திருகாணி டப்பாக்களின் மூடியைப் பலகைக்கு அடியில் அறைந்து, ஒரே கையால் திருகி எடுக்கிற மாதிரி வைத்திருக்கிறாய். ஆவுடைநாயகம் எல்லாவற்றையும் பார்த்துவிட்டுப் பைய ஒன்று கேட்டார். "இது ஆபீஸ்ல இருக்குத ஆளு அடுக்குனதா அண்ணாச்சி?"

அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் சரியில்லை. டிசைன் ஆபீஸில் மேஜை வேலை, ஏ.சி. அறை என்று இரண்டு வருஷமாக எழுதுகிறாய். அழகுக்காக அடுக்குகிறவன் டேப்பின் நுனியை மடித்து ஒட்டி வைக்க மாட்டான், ஏணி மேல் நின்று வியர்த்த விரலால் நுனியைத் தேடித் தவித்தவனுக்குத்தான் அது தோன்றும். டிரைவர் சீட்டுக்குப் பின்னால் ஒரு பொட்டலம் இருந்தது. எர்த் குழிக்கு உப்பு மூட்டையாக வாங்குவோம், இது கைப்பிடி உப்பில் சீனி கலந்தது. நாக்கில் வைத்துப் பார்த்த ஆவுடைநாயகம், வெயிலில் மயங்கி விழுந்தவன்தான் இப்படி வைத்துக்கொள்வான் என்றார். ஆனி வெயிலில் முழுக்கைச் சட்டையைக் கழற்றாமல் திரிந்தாயே, நாகரிகம் என்று அம்மா பூரித்தாள். கையில் என்ன இருந்தது? போன மாதம் அனுப்பிய போட்டோவைப் பிருந்தா பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தாள், பின்னால் தொங்கும் காலண்டர் போன வருஷத்தது, மேஜையில் ஒரு பேனாகூட இல்லை. அந்த மேஜை யாருடையது? நீ எங்களிடம் சொன்னது பொய்யா என்று எழுதச் சொன்னேன். அந்தச் சொல்லை எழுத மாட்டேன் என்று பிருந்தா பேனாவை மூடிவிட்டாள். வேறு சொல் இருந்தால் போடு என்றேன், அவளுக்கும் கிடைக்கவில்லை, அதையேதான் எழுதியிருக்கிறாள்.

நீ பாலிடெக்னிக் சேர்ந்த அன்று, என் மகன் என்னைப் போல் ஏணி ஏறக் கூடாது என்று சொந்தக்காரர்கள் முன்னால் பெருமையடித்தேன். அதனால்தான் மறைத்தாய் என்றால் அந்தக் குற்றம் என்னுடையது. ஆனால் இப்போது இதில் இன்னொரு வீட்டுப் பெண் இருக்கிறாள். ராதாபுரத்திலிருந்து சம்பந்தி குமரகுருபரன் வியாழக்கிழமை வந்திருந்தார், ஐப்பசி முகூர்த்தத்துக்கு இப்போதே பத்திரிகை அடிக்கிறார். உன் பெயருக்குக் கீழே டிசைன் இன்ஜினீயர் என்று போடலாமா என்று கேட்டார். சரியான பதவியைக் கேட்டுச் சொல்கிறேன் என்றேன். காப்பியைக் குடித்துவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விட்டார். குடும்ப விசா உண்டு என்று நீ சொன்னதை நம்பி, விஜயஸ்ரீ தன் டீச்சர் வேலையை விடப் போகிறாளாம், செப்டம்பர் 20 அன்று எழுதிக் கொடுக்கிறாளாம். ஏணி ஏறுகிறவனுக்கு அங்கே குடும்ப விசா தருவார்களா? எனக்குத் தெரியாது, உனக்குத் தெரியும். அந்த வேலை போனால் திரும்பக் கிடைக்காது.

நான் நினைப்பதெல்லாம் தப்பு என்றால் திட்டி எழுது, சந்தோஷமாக வாங்கிக்கொள்கிறேன். தப்பில்லையென்றால் எனக்குப் பதில் எழுதுவதற்கு முன் அந்தப் பெண்ணுக்கு உன் கையாலேயே எழுது. அவள் சம்மதித்தால் பத்திரிகையில் எலக்ட்ரீஷியன் என்றே அடிக்கச் சொல்கிறேன், நான் அதே வேலை பார்த்துத்தான் உன்னைப் படிக்க வைத்தேன். அவள் வேண்டாம் என்றால் வாங்கிய பாத்திரத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு நானே அம்மாவிடம் சொல்லிக்கொள்கிறேன். 18ஆம் தேதி வரை பொறுப்பேன், 19 காலையில் ராதாபுரம் பஸ் ஏறிவிடுவேன்.

நேரத்துக்குச் சாப்பிடு. நீ தீர்க்காயுசாக, குறைவில்லாமல் இருக்க வேண்டும். எனக்கு எழுதுவதை வீட்டுக்கு அனுப்பாதே, நம் எலக்ட்ரிக் கடை விலாசத்துக்கு அனுப்பு.

இப்படிக்கு
உன் அப்பா
சு. ஐயம்பெருமாள்