கதவுக்கு இந்தப் பக்கம்

மார்ச் 3

சில்லு,

நான் பேசாமல் இருந்தது போதும். படம் வந்து ஐந்து வாரமாகிறது. ஐந்து வாரமும் வாயை மூடிக்கொண்டுதான் இருந்தேன். நீயும் மாப்பிள்ளையும் சௌக்கியமா என்று கேட்டு ஆரம்பிப்பதுதான் முறை. கேட்டதாக வைத்துக்கொள். போனில் சொன்னால் நீ சிரித்தே பேச்சை மாற்றிவிடுவாய். அதனால்தான் கடிதம்.

என் வாழ்க்கையில் நான் உருப்படியாகச் செய்தது அந்த ஒரு புத்தகம். நூற்றுப் பன்னிரண்டு பக்கம் எழுத ஆறு வருடம் ஆனது. கல்லூரியில் எனக்கு வரவேண்டிய துறைத் தலைவர் நாற்காலியை எனக்குப் பின்னால் வந்தவனுக்குக் கொடுத்தார்கள். அதையும் பொறுத்துக்கொண்டேன், இந்தப் புத்தகம் இருக்கிறதே என்று. அதை உன் இயக்குநர் இரண்டு மணி நேரத்தில் கொத்துக்கறி போட்டுவிட்டார்.

கதையில் என்ன இருக்கிறது? மாடிப்படிக்குக் கீழே ஓர் அறை. தங்கை உள்ளே மாட்டிக்கொள்கிறாள். அண்ணன் தோள்பட்டை பெயர்கிற அளவுக்குக் கதவை இடிக்கிறான், திறக்கவில்லை. உள்ளே ஏதோ ஒன்று கதவைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. அது என்ன என்று கடைசிவரை நான் சொல்லவில்லை. படிக்கிறவன் தன் மனதில் இருக்கிற இருட்டை எடுத்து அந்த அறையில் வைத்துக்கொள்வான். புத்தகத்தில் நாம் ஒரு தடவைகூட அறைக்குள் போவதில்லை. அதுதான் அதன் பலமே. உன் இயக்குநர் என்ன செய்தார்? கேமராவைத் தூக்கிக்கொண்டு நேரே உள்ளே போய்விட்டார். போதாததற்கு ஒரு நடிகைக்கு நரைத்த விக் மாட்டி, கண்ணில் வெள்ளை லென்ஸ் வைத்து மூலையில் உட்கார வைத்தார். பின்வரிசையில் ஒருவன், "பாட்டி, தலை சீவலையா?" என்று கத்தினான். தியேட்டரே சிரித்தது. நான் என் நாற்காலிக்குள் சுருங்கிப்போனேன்.

அதையும் விடு. உன் வேலைக்கு, படத்தின் சத்தத்துக்கு வருகிறேன். நான் எழுதிய நகக் கீறல் எங்கே? அலறல் எங்கே? அந்தப் பெண் ஏதோ பக்கத்து வீட்டில் சர்க்கரை கேட்க வந்த மாதிரி மெதுவாகத் தட்டுகிறாள். அப்புறம் திடீரென்று எல்லாம் அடங்கி, கதவுக்கு வெளியே யாரோ மூச்சு விடுகிறார்கள். யார் அது? என் கதையில் அந்த நேரத்தில் வெளியே யாருமே கிடையாது. அண்ணன் உதவி தேடி ஓடிப்போயிருக்கிறான். ஆசிரியர் அறையில் அந்த நாற்காலிக்காரன் எல்லோர் முன்னாலும் கேட்கிறான்: "சார், வெளிய மூச்சு விடறது யாரு? பேயா, நீங்களா?"

டிவிக்குப் போகும் பிரதியில் ஒலியை மறுபடி கலக்குகிறீர்களாம். உன் இயக்குநரைக் கேட்டேன். "சத்தம் எல்லாம் உங்க தங்கச்சி கையிலதான் சார்" என்றார். அந்த மூச்சை எடுத்துவிடு. வேறொன்றும் கேட்கவில்லை.

அண்ணன்

மார்ச் 9

அன்புள்ள அண்ணா,

சௌக்கியம் விசாரித்ததாக வைத்துக்கொண்டேன். நாங்களும் சௌக்கியமாக இருப்பதாக நீ வைத்துக்கொள். அண்ணியைக் கேட்டதாகச் சொல்லு. இதை மட்டும் நிஜமாகவே சொல்லு.

விக் விஷயத்தில் நீ திட்டினது அத்தனையும் நியாயம். படப்பிடிப்பில் அந்த அம்மா அதைப் போட்டுக்கொண்டு டீ குடித்ததைப் பார்த்ததிலிருந்து எனக்குப் பயமே வரவில்லை.

ஆனால் சத்தம் என் வேலை. அதற்கு நான் பதில் சொல்லணும். உன் எழுபத்தெட்டாம் பக்கத்தை மைக் பக்கத்திலேயே ஒட்டி வைத்துத்தான் ஆரம்பித்தேன். 'நகங்கள் மரத்தைக் கிழித்தன, அலறல் வீட்டைப் பிளந்தது.' பழைய சாமான் கடையில் ஒரு கதவு வாங்கி வந்து நிறுத்தினோம். நகத்தால் கீறினேன். கரண்டியால் கீறினேன். சீப்பால் கீறினேன். ஒலிப்பதிவாளர் ஹெட்போனைக் கழற்றிவிட்டு, "மேடம், இதுக்குப் பேயோட்டறவன் வேண்டாம், எலிப்பொறி வச்சாப் போதும்" என்றார். படிக்கும்போது முதுகு சில்லிடுகிற வரிதான். காதில் விழுந்தால் எலி.

காகிதத்தில் நீ 'ஒரு சத்தம் கேட்டது' என்று எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடலாம். எனக்கு அந்த வசதி இல்லை. மைக்கை எங்கேயாவது ஓரிடத்தில் வைத்தாகணும். கேட்கிறவள் எங்கே உட்கார்ந்திருக்கிறாள், எவ்வளவு தூரம், கதவுக்கு எந்தப் பக்கம் என்று முடிவு செய்தாகணும். மூன்று நாள் வெளியே வைத்துப் பார்த்தேன், சரிவரவில்லை. நாலாம் நாள் கதவுக்கு அந்தப் பக்கம் போய்க் கீழே உட்கார்ந்தேன், எல்லாம் ஞாபகம் வந்துவிட்டது.

உள்ளே இருக்கிறவள் அலறமாட்டாள் அண்ணா. கொஞ்ச நேரம்தான் அழ முடியும், அப்புறம் தொண்டை காய்ந்துவிடும். நகத்தால் கீறினால் வலிக்கும். ஏழு வயதுப் பிள்ளை உள்ளங்கையால்தான் தட்டுவாள், அதுவும் மெதுவாக. பலமாகத் தட்டினால் அறையில் இருக்கிற வேறு ஏதாவது முழித்துக்கொள்ளும் என்று பயம்.

நம் வீட்டு அறைக் கதவுக்கு அடியில் இரண்டு விரல் இடைவெளி இருந்தது. அங்கே முகத்தை வைத்துப் படுத்துக்கொண்டேன். வெளிச்சம் வரும். மூச்சு கேட்கும். உனக்கு அப்போது எந்நேரமும் மூக்கடைப்பு. இழுக்கும்போது லேசாக ஒரு விசில் வரும். ஸ்டுடியோவில் நானே ஒரு பக்க மூக்கை அழுத்திக்கொண்டு அதைச் செய்தேன். முதல் டேக்கிலேயே ஓகே.

தியேட்டரில் எல்லோரும் அந்த மூச்சுக்குத்தான் பயப்படுகிறார்கள். வேடிக்கையாக இருக்கிறது. எனக்கு அன்றைக்கு அது ஒன்றுதான் தைரியம். அண்ணன் வெளியே இருக்கான், எப்படியும் திறந்துடுவான் என்று.

தாழ்ப்பாள் சிக்கிக்கொண்டது என்று அப்பாவிடம் நீ சொன்னாய். அதைப் பற்றி நான் எப்போதும் கேட்டதில்லை, இப்போதும் கேட்கவில்லை. கதவைச் சாத்தினால் எனக்கு வேலை ஓடாது என்பதற்காகத்தான் எங்கள் ஸ்டுடியோவில் ஒருக்களித்த கதவுக்கு ஒரு ஆளைக் காவல் வைக்கிறார்கள். அவர்களிடமும் காரணம் சொன்னதில்லை.

கதை உன்னுடையது. இருபத்தைந்தாம் தேதி ஒலிக்கலவை முடிகிறது. அந்த நேரத்தில் வெளியே யாரும் இல்லை என்று உன் கையால் ஒரு வரி எழுது. எடுத்துவிடுகிறேன்.

அன்புத் தங்கை
சில்லு

மார்ச் 14

சில்லு,

உன் கடிதம் கிடைத்தது. ஏழு வயதில் நடந்தது நாற்பது வருடம் கழித்து இவ்வளவு துல்லியமாக யாருக்கும் நினைவிருக்காது. ராத்திரி பகலாக இருட்டு அறையில் உட்கார்ந்து சத்தம் செய்கிறவளுக்குக் கேட்காததெல்லாம் கேட்கும். உன்னை எப்போதும் எல்லோரும் நம்பினார்கள். நீ ஒன்று சொன்னால் வீட்டில் அதற்கு மேல் விசாரணை கிடையாது. அது எனக்குத் தெரிந்ததுதான்.

தாழ்ப்பாள் சிக்கியது. நான் தெருமுனைக்கு ஆள் கூப்பிட ஓடினேன். கதவுக்கு வெளியே யாரும் இல்லை.

கேட்ட வரியை எழுதிவிட்டேன். எடுத்துவிடு.

அண்ணன்

மார்ச் 20

அன்புள்ள அண்ணா,

எடுத்துவிட்டேன்.

இயக்குநர் சண்டை போட்டார். "படத்துல நான் பண்ணாத ஒரே நல்ல விஷயம் அதுதான் மேடம்" என்றார், பாவம். எழுதினவர் சொல்கிறார், அவருக்குத்தான் தெரியும் என்று சொல்லிவிட்டேன்.

எடுத்தபின் ஒரு தடவை முழுதாகப் போட்டுக் கேட்டேன். இவ்வளவு நாளும் அந்த நாலு மணி நேரத்தை நினைக்கும்போது உன்னையும் சேர்த்தேதான் நினைத்திருக்கிறேன். கதவுக்கு அந்தப் பக்கம் நீ, இந்தப் பக்கம் நான். இனிமேல் வேறு மாதிரி நினைத்துப் பழகணும். பரவாயில்லை, பழகிக்கொள்வேன்.

உடம்பைப் பார்த்துக்கொள். ஆவி பிடிக்கிறாயா, இல்லையா?

சில்லு

ஏப்ரல் 11

சில்லு,

முந்தாநாள் படத்தை டிவியில் போட்டார்கள். நானும் உன் அண்ணியும் பார்த்தோம். அந்த இடம் வந்ததும் அவள், "இங்க ஒரு சத்தம் வருமே, தியேட்டர்ல நான் உங்க கையைப் பிடிச்சுக்கிட்டேனே, அது எங்க?" என்றாள்.

"எடுத்துட்டாங்க."

"ஏன்?"

"நான்தான் எடுக்கச் சொன்னேன்."

"நல்லாத்தானே இருந்துச்சு. இப்பப் பாருங்க, பாவம், அந்தப் புள்ளை யாருமே இல்லாத வீட்டைத் தட்டிக்கிட்டு உட்கார்ந்திருக்கு" என்றாள். எழுந்து முகம் கழுவப் போனேன். குழாயைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றேன். தண்ணீர் சத்தத்தையும் மீறி நீ தட்டுவது கேட்டது.

தாழ்ப்பாள் சிக்கவில்லை. அதற்கு முந்தைய வாரம்தான் அப்பா எண்ணெய் போட்டிருந்தார். ஒரு விரலால் தள்ளினேன், போயிற்று. பூகோளப் புத்தகத்துக்குள் பேய்க்கதைப் பத்திரிகை வைத்து நான் படிப்பதை நீ அப்பாவிடம் சொல்லிவிட்டாய். அவர் அதை வாசலில், என் நண்பர்கள் பார்க்க, நாலாகக் கிழித்தார். எனக்குப் பதின்மூன்று வயது. மறுநாள் அம்மாவும் அப்பாவும் ஆஸ்பத்திரியில் யாரையோ பார்க்கப் போனார்கள். "உள்ளே பூனைக்குட்டி இருக்கு" என்றேன். நீ போனாய்.

நீ அழுவதைக் கேட்கவேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன். அழுதது நின்றதும் திறக்கலாம் என்று எழுந்தேன். அது நிஜம்; ஆனால் அதை எனக்குச் சாதகமாக எழுத இப்போது வெட்கமாக இருக்கிறது. அப்போது நீ, "அண்ணா, இருக்கியா?" என்றாய். பதில் சொன்னால் திறக்க வேண்டியிருக்கும். திறந்தால் இரண்டு மணி நேரமாக நான் இங்கேயே உட்கார்ந்திருந்தது உனக்குத் தெரிந்துவிடும். அதனால் மூச்சை அடக்கிக்கொண்டேன். எவ்வளவு நேரம் அடக்க முடியும்? விட்டேன். அதைத்தான் நீ கேட்டிருக்கிறாய். நீ அதன்பின் நாலைந்து தடவை அதே கேள்வியைக் கேட்டாய், தொந்தரவு செய்கிறோமோ என்கிற குரலில். நான் தரையில் காதை வைத்து ஒவ்வொன்றையும் கவனித்துக் கேட்டேன். பயம் என்பது எப்படி இருக்கும் என்று நான் தெரிந்துகொண்டது அங்கேதான். பிற்பாடு அதை வைத்துத்தான் புத்தகம் எழுதினேன்.

நகக் கீறலும் அலறலும் ஏன் எழுதினேன் என்று யோசித்துப் பார்த்தேன். உள்ளே ஒரு குழந்தை உள்ளங்கையால் தட்டி, இருக்கியா என்று கேட்கிறாள் என்று எழுதினால், படிக்கிற எவனும் அடுத்த வரியில் வெளியே நிற்கிறவனைப் பார்த்து, "ஏண்டா, திறக்கவேண்டியதுதானே" என்று கேட்பான். அலறலும் கீறலும் வந்துவிட்டால் எல்லோரும் பேயைப் பார்ப்பார்கள். என்னைப் பார்க்கமாட்டார்கள். அறைக்குள் நான் போகாததை உத்தி என்று மேடைகளில் விளக்கியிருக்கிறேன். தோள் பெயரக் கதவை இடிக்கிற அந்தப் பையனை எல்லோரும் பாராட்டினார்கள். நானும் நன்றி சொன்னேன்.

உன் இயக்குநருக்குப் போன் செய்தேன். மூச்சைத் திரும்ப வைக்க முடியுமா என்று கேட்டேன். "போனது போனதுதான் சார். நீங்கதானே வேண்டாம்னீங்க?" என்றார். ஆமாம் என்றேன்.

வெளியே நான் இருந்தேன் சில்லு. இரண்டு மணியிலிருந்து ஆறு மணிவரை, ஒருமுறை தண்ணீர் குடிக்கப் போனதைத் தவிர, அங்கேயேதான் இருந்தேன். உனக்குக் கேட்டது சரி. ஆனால் துணையாக இருக்கவில்லை. நீ நாற்பது வருடமாக எனக்குக் கொடுத்து வைத்திருந்த இடம் அது. போன மாதம் ஒரு வரியில் அதையும் நானே பிடுங்கிக்கொண்டேன். இப்போது இருந்தேன் என்று சொல்வதால் அந்த இடம் திரும்பக் கிடைக்காது என்று எனக்குத் தெரியும். நீ வேறு மாதிரி நினைத்துப் பழக வேண்டாம் என்பதற்காகச் சொல்கிறேன்.

இதை மூன்று தடவை எழுதிக் கிழித்தேன். இதைக் கிழிக்கமாட்டேன். கீழே அண்ணன் என்று போட்டால் நீ உடனே உட்கார்ந்து, பரவாயில்லை அண்ணா என்று ஒரு பதில் எழுதுவாய். உன் குணம் எனக்குத் தெரியும். அந்தப் பதிலை உன்னிடமிருந்து வாங்கிக்கொள்ள எனக்கு முகம் இல்லை. தபால்பெட்டி தெருமுனையில்தான் இருக்கிறது. அன்றைக்கு ஆள் கூப்பிட ஓடினேன் என்று பொய் சொன்னேனே, அவ்வளவு தூரம்தான். கையெழுத்துப் போடாமல் இப்படியே கொண்டுபோய்ப் போட்டுவிடப் போகிறேன்.