ஓமெரோவின் அக்கா

அன்புள்ள அம்மாவுக்கு,

முழங்கால் வலி குறைந்ததா? நான் நலம்.

இங்கே மெக்சிகோ நகரத்தில் எலும்புக்கூடு உருவில் இருக்கும் மரண மாதாவைக் கும்பிடுகிறவர்களிடம் என் ஆராய்ச்சி நடக்கிறது. அவர்களில் ஓமெரோ போதைக்காகப் பெயிண்ட் தின்னர் முகர்கிறவன். போன வாரம் மாதாவின் பீடத்தின் முன்னாலேயே மயங்கி விழுந்தான். மருத்துவமனைக்குக் கொண்டுபோனேன். “நீங்க அவருக்கு யாரு?” என்று நர்ஸ் கேட்டார். அக்கா என்று சொல்லிவிட்டேன்; இல்லாவிட்டால் உள்ளே விட்டிருக்க மாட்டார்கள்.

கண் விழித்ததும் சிரித்தான். “அக்கான்னு சொன்னியாமே. அப்ப தம்பியைப் பத்தி ஆராய்ச்சியில எழுதக் கூடாது, தெரியுமில்ல?”

ஆய்வில் பாதி அவன் பேச்சுதான். எல்லாவற்றையும் நீக்கிவிட்டேன். பேராசிரியருக்குக் கோபம், சமாளித்துக்கொள்வேன், கவலைப்படாதீர்கள்.

ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வருகிறான். உங்கள் மோலே குழம்பு மசாலா கொஞ்சம் கூடுதலாக அனுப்புங்கள். இரண்டு பேருக்கு எவ்வளவு போடுவது என்பதே மறந்துவிட்டது, அதையும் எழுதுங்கள். பஸ் வந்துவிட்டது, முடிக்கிறேன்.

உங்கள் மெர்செதெஸ்