ரெய்னோ அண்ணனுக்கு, பனி தள்ளுவது பற்றி

ஹான்காக், மிச்சிகன்
ஆகஸ்ட் 19

அன்புள்ள ரெய்னோ அண்ணனுக்கு, தங்கை ஐலி எழுதிக்கொண்டது.

நான் இங்கே சுகம். அரிசோனா வெயிலில் நீயும் உன் மகள் லினெட்டும் சுகமாயிருக்க வேண்டும். போன செவ்வாய்க்கிழமை உன் கடிதம் வந்தது. போனில் கூப்பிட்டால் இரண்டு நிமிஷத்தில் "சரி சரி, வைக்கிறேன்" என்று வைத்துவிடுகிற மனுஷன் இரண்டு பக்கம் எழுதியிருக்கிறாய்! அதில் ஒன்றே முக்கால் பக்கம் உன் பனி தள்ளும் வண்டியைப் பற்றி. பேட்டரியைக் கழற்றி வைத்தாயா, முன்னாலிருக்கிற பிளேடுக்கு எண்ணெய் போட்டாயா என்று. கண்ணுக்கு டாக்டர் என்ன சொன்னார் என்று மட்டும் ஒரு வரி இல்லை. நல்ல ஆள் போ.

வண்டி பத்திரமாக என் கொட்டகையில் நிற்கிறது. பேட்டரியைக் கழற்றியாயிற்று. இந்த வருஷம் ப்ளூபெர்ரி நன்றாகக் காய்த்திருக்கிறது. பன்னிரண்டு பாட்டில் ஜாம் போட்டேன். உனக்கு நாலு எடுத்து வைத்திருக்கிறேன்.

"அக்டோபரில் வந்துவிடுவேன், அதற்குள் யாரோடும் கையெழுத்துப் போட்டுத் தொலைக்காதே" என்று எழுதியிருக்கிறாய். நம் கட்டடத்து பார்க்கிங்கில் பனி தள்ளும் வேலைக்கு இன்சூரன்ஸ்காரர்கள் இந்த முறை மூன்று பேரிடமாவது விலை கேட்டு எழுத்தில் வாங்கி வைக்கச் சொல்கிறார்கள். அதற்காக மூன்று பேரைக் கூப்பிட்டேன், அவ்வளவுதான். அந்தக் கூத்தைக் கேள்.

முதலில் வெளியூரிலிருந்து ஒரு பெரிய கம்பெனி ஆள் வந்தான். சலவைச் சட்டை, கையில் டேப்லெட். காரை விட்டு இறங்கவே இல்லை. மேலிருந்து எடுத்த நம் பார்க்கிங்கின் படத்தைக் காட்டி, "இரண்டு அங்குலம் பனி விழுந்ததும் எங்க வண்டி தானா கிளம்பிடும் மேடம்" என்றான். ஒன்றரை அங்குலம் விழுந்தால் என்ன செய்வாய் என்றேன். "அது காண்ட்ராக்ட்ல வராதுங்க" என்றான். இங்கே வாடகைக்கு இருக்கிற டயாலிசிஸ் மையத்துக்கு விடியற்காலை ஐந்தரைக்கு ஆட்கள் வருகிறார்கள், பாதிப் பேர் நடைவண்டியைப் பிடித்துக்கொண்டு வருகிறவர்கள், ஒரு நாள் முறை தவறினால் உயிருக்கே ஆபத்து, அவர்கள் விழுவதற்கு அரை அங்குலம் போதும் என்றேன். அவன் அதையும் டேப்லெட்டில் ஏதோ தட்டிக்கொண்டான். என்ன தட்டினானோ, கடவுளுக்கே வெளிச்சம்.

இரண்டாவது உன் மீன்பிடிக் கூட்டாளி டேல். காகிதம், கையெழுத்து எல்லாம் அவனுக்குப் பிடிக்காது. "நம்மளுக்குள்ள என்னக்கா எழுத்து? கையைக் குடு, முடிஞ்சுது" என்று கையை நீட்டினான். எத்தனை மணிக்கு வருவாய் என்றேன். முதலில் மதுக்கடை, அப்புறம் சர்ச், அப்புறம் அவன் மாமியார் வீடு, அப்புறம் நாம். "எட்டு மணிக்கு டாண்ணு நிப்பேன்." எட்டு மணிக்கு நோயாளிகள் பாதி முறையை முடித்திருப்பார்கள். கையை நீட்டியவனிடம் ஒரு பாட்டில் ஜாமைக் கொடுத்து அனுப்பினேன். ஆகவே உனக்கு மூன்று பாட்டில்தான்.

மூன்றாவது ஆள் கிறிஸ்டின் சாலோ. பழைய பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் இருக்கிறாள், நாற்பது வயசிருக்கும். நல்ல வெயிலில் வந்தாள். வந்தவள் விலையும் சொல்லவில்லை, படமும் காட்டவில்லை. "வாளி இருக்காம்மா?" என்று கேட்டாள். கொடுத்தேன். குழாயடியில் தண்ணீர் பிடித்து, பார்க்கிங்கில் ஓர் இடத்தில் ஊற்றிவிட்டு, அது ஓடுகிற வழியிலேயே குனிந்தபடி நடந்தாள். அப்புறம் இன்னொரு இடம். இப்படிப் பதினோரு வாளி. நம் கட்டடத்து இரும்புக்கடை ஆர்வில் வாசலில் நின்று, "என்னம்மா, உருளைக்கிழங்கு நட்டிருக்கீங்களா?" என்று கத்தினான். "ஆமா, ஏப்ரல்ல தோண்டிக்குங்க" என்றாள் அவள், தலையைத் தூக்காமலே. எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

வேறு விசேஷம் இல்லை. டயாலிசிஸ் மையத்துச் சரிவுப் பாதையின் கைப்பிடிக் கம்பி துருப்பிடித்துவிட்டது என்று புதிதாகப் போட்டுவிட்டேன். நீ வருவதைப் பற்றி அடுத்து எழுதுகிறேன். கண்ணுக்குச் சொட்டு மருந்தை மறக்காதே.

உன் அன்புத் தங்கை,
ஐலி


ஹான்காக்
செப்டம்பர் 26

அன்புள்ள அண்ணாவுக்கு,

உன் பதில் கிடைத்தது. அது வந்த அன்றே லினெட் போன் செய்து அழுதாள். அக்டோபர் பத்தாம் தேதி உன் பழைய காரிலேயே கிளம்புகிறாயாமே? நாலு டயரும் மாற்றிவிட்டாயாமே? இரண்டாயிரம் மைல்! போன வாரம் எதிர்வீட்டுக்காரர் என்று நினைத்துத் தபால் பெட்டிக்குக் கையை ஆட்டிக் குசலம் விசாரித்தாய் என்று அவள் சொன்னாள். சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் இரண்டையும் செய்தோம். கண்ணின் நடுப்பார்வை இனித் திரும்பி வராது என்று ஜூன் மாதமே டாக்டர் சொல்லிவிட்டாராம். என்னிடம் சொல்லக்கூடாது என்று அவளிடம் சத்தியம் வேறு வாங்கியிருக்கிறாய். அவள் மேல் கோபப்படாதே. அவள் வாயைப் பிடுங்கியது நான்.

இந்தக் கடிதத்தை மூன்று தடவை எழுதிக் கிழித்தேன். போனில் சொன்னால் பாதியில் வைத்துவிடுவாய். ஆகவே உட்கார்ந்து, முழுசாகப் படி. கண் வலித்தால் லினெட்டைப் படிக்கச் சொல்.

போன கடிதத்தில் நான் உனக்குப் பொய் எழுதினேன். கைப்பிடிக் கம்பி துருப்பிடிக்கவில்லை. மார்ச் மாதம், அந்தப் பெரிய பனிக்கு மறுநாள், நீ வண்டியைப் பின்னால் எடுத்தபோது எதிலோ இடித்தாய், நினைவிருக்கிறதா? உள்ளே வந்து காபி குடித்துக்கொண்டே, "பனி மேட்டுல இடிச்சிட்டேன், ஒண்ணுமில்ல" என்றாய். அது பனி மேடு இல்லை அண்ணா, கம்பி. அடியோடு மடங்கிப் போயிருந்தது. டயாலிசிஸுக்கு வந்த வெர்னா லாக்சோ அம்மாள் அந்தக் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஏறி, கதவுக்குள் கால் வைத்து நாலு எட்டு நடந்திருக்க மாட்டாள். அவளுக்குப் பின்னால்தான் அந்தச் சத்தம்.

நான் ஓடிப் போய்ப் பார்த்தபோது அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஆனால் முதலில் என்ன சொன்னாள் தெரியுமா? "ஐலி, உன் அண்ணன்கிட்ட சொல்லிடாதடி. பொண்டாட்டி போயி வருஷம் ஆகல. இதையும் கேட்டா மனுஷன் ஒடிஞ்சு போயிடுவான்." நானும் சரி என்றேன். நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து உன்னிடம் மறைத்தோம். கண்ணைக் காட்டுவதற்கு லினெட்டிடம் போய் இரு என்று உன்னைத் துரத்தியதும் அதனால்தான். மறைத்தது தப்பு என்று இப்போது படுகிறது. அன்றே சொல்லியிருந்தால் இந்தக் கோடை முழுக்க நீ வண்டியை நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்க மாட்டாய்.

அந்தக் கம்பியைப் பார்த்த காலையிலிருந்து ஒரு நாள் கூட எனக்கு நிம்மதி இல்லை. நாலு எட்டு அண்ணா.

நேற்று கிறிஸ்டின் சாலோவோடு கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

எழுதிவிட்டேன். இனி மற்றதைச் சொல்கிறேன். அரை அங்குலம் விழுந்தாலும், விழாமல் தரை மட்டும் உறைந்தாலும், ஐந்து மணிக்குள் உப்புப் போட்டு வழி திறந்துவிட வேண்டும் என்று எழுதி வாங்கியிருக்கிறேன். வாளித் தண்ணீரில் அவள் கண்டுபிடித்ததையும் உனக்குச் சொல்லத்தான் வேண்டும். நாம் வருஷா வருஷம் பனியைக் குவிக்கிற இடத்தில், அதுதான் சரிவுப் பாதைக்கு மேற்கே, அவள் ஊற்றிய தண்ணீர் நேராகப் பாதையின் அடிவாரத்துக்கு ஓடி வந்தது. "பகல்ல குவியல் உருகும், ராத்திரி இங்க வந்து கட்டும். தண்ணி போற வழிதான் ஐஸுக்கும் வழி" என்றாள். பத்தொன்பது குளிர்காலம் நானும் அந்த இடத்தில் வழுக்காமலிருக்கச் சாம்பலைக் கொட்டிக்கொண்டு கடவுளைத் திட்டினேன். கடவுள் ஒரு பாவமும் அறியாதவர்.

உடனே முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளாதே. அதே பெண்தான் தார்த்தரையில் உன் பிளேடு கீறிய தடங்களை உட்கார்ந்து பார்த்தாள். அந்தப் பக்கம் இந்தப் பக்கம் போய்ப் பார்த்துவிட்டு, "காத்துக்கு எதிரா ஒரு நாளும் தள்ளல. வடக்கு மூலையில கூட. யார் இது? வேலை தெரிஞ்ச கை" என்றாள். என் அண்ணன் என்றேன். அவளுக்கு முன்னால் கண் கலங்கிவிட்டது, வெட்கக்கேடு.

இன்னொன்று. தரை இறுகுவதற்குள் ஓரக்கல், சாக்கடை மூடி, தீயணைப்புக் குழாய் எல்லாவற்றின் பக்கத்திலும் உயரமான கம்பு நட வேண்டும் என்கிறாள். பனி மூடினாலும் எது எங்கே என்று வண்டி ஓட்டுகிறவருக்குத் தெரிவதற்கு. ஒரு குளிர்காலத்தில் இருநூறு அங்குலம் பனி விழுகிற ஊரில் எல்லாரும் செய்கிற காரியம். நம் பார்க்கிங்கில் மட்டும் ஒரு கம்பு கிடையாது. "எனக்கு எதுக்குடி கம்பு, எல்லாம் தலைக்குள்ள இருக்கு" என்பாய். அந்த வீம்புதான் உன்னைக் கவிழ்த்தது அண்ணா. சரிவுப் பாதை மூலையில் ஒரு கம்பு நின்றிருந்தால், மங்கலான கண்ணுக்கும் அது தெரிந்திருக்கும்.

தரைக்குள் புதைந்த இரண்டு சாக்கடை மூடிகள் எங்கே என்று எனக்குத் தெரியாது. கட்டடத்தின் வரைபடத்திலும் இல்லை. கிறிஸ்டின் உன்னைக் கேட்டாள். "உங்க அண்ணன் ஒரு நாள் என்கூட நடந்து காட்டுவாரா? அவர் சொல்ற இடத்துல நான் கம்பை அடிக்கிறேன்." இதை உன்னைச் சமாதானப்படுத்துவதற்காக எழுதுகிறேன் என்று நினைப்பாய். பாதி அதற்குத்தான். மீதிப் பாதி, அவள் நிஜமாகவே கேட்டாள்.

அதனால் காரை எடுக்காதே. உனக்கும் லினெட்டுக்கும் அக்டோபர் எட்டாம் தேதிக்கு சிகாகோ வழியாக விமான டிக்கெட் எடுத்து இதோடு வைத்திருக்கிறேன். மாடி அறையில் வெள்ளையடித்துவிட்டேன். சனிக்கிழமைக்கு நீராவி அறையைச் சூடு பண்ணி வைக்கிறேன். வெர்னா உனக்குக் காலுறை பின்னிக்கொண்டிருக்கிறாள். ஒன்று முடிந்துவிட்டது, அளவு பெரிதாகத்தான் இருக்கிறது, நீ ஒன்றும் சொல்லாமல் போட்டுக்கொள்.

ஒரே ஒரு பயம்தான் எனக்கு. அப்பாவும் சித்தப்பாவும் ஒரு படகுக்காகக் கோபித்துக்கொண்டு, ஒரே சர்ச்சில் பதினோரு வருஷம் எதிரெதிர் பக்கம் உட்கார்ந்து, ஒரு வார்த்தை பேசாமலே போய்ச் சேர்ந்தார்கள். நம் வீட்டு ஆண்களுக்குத் திட்டத் தெரியாது, வாயை மூடிக்கொள்ளத்தான் தெரியும். நீ என்னைத் திட்டு. என்ன வேண்டுமானாலும் சொல், துரோகி என்று சொல், பொறுத்துக்கொள்கிறேன். பேசாமல் மட்டும் இருந்துவிடாதே. எனக்கென்று மிச்சம் இருப்பது நீ ஒருத்தன்தான்.

கடவுள் உன்னைக் காப்பாற்றட்டும். எட்டாம் தேதி சாயங்காலம் விமான நிலையத்துக்கு வருவேன். நீ வந்தாலும் வராவிட்டாலும் கடைசி ஆள் இறங்குகிற வரை வாசலிலேயே நிற்பேன்.

உன் தங்கை,
ஐலி